எங்க வீட்ல நாலு ஓட்டு

தேர்தல் வந்தால் எங்கள் ஊர் ஆண்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். “எங்க வீட்ல நாலு ஓட்டு.” “எங்க வகையறாவுல அறுபது.” “தெக்குத்தெரு மொத்தமா நூத்தி இருபது, அதுல ஒண்ணு ரெண்டு முன்னப்பின்ன போகும்.” கொட்டத்தில் நாலு மாடு நிற்கிறது, தோட்டத்தில் அறுபது தென்னை இருக்கிறது என்று சொல்வதற்கும் இதற்கும் குரலில் எந்த வித்தியாசமும் இருக்காது. எங்கள் வீட்டு நாலில் ஒன்று அம்மாவுடையது, ஒன்று என்னுடையது. அப்பா எங்களைக் கேட்டுவிட்டு அந்தக் கணக்கைச் சொன்னதில்லை. மாட்டைக் கேட்டுக்கொண்டா விலை சொல்கிறோம்?

திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு மானாவாரி ஊர் எங்களுடையது. தொள்ளாயிரம் ஓட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரே பூத். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2011 முதல் ஐந்து தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். விரலில் மை வைத்திருக்கிறேன், பதிவேட்டில் கைரேகை வாங்கியிருக்கிறேன், ஒருமுறை தலைமை அலுவலராகவும் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒரு பூத்தில் எத்தனை பெண்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று அரசிடம் கணக்கு உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று நாங்கள் மேலே சொல்லிக்கொண்டே இருப்போம். அந்தப் பெண்கள் யாருக்குப் போட்டார்கள் என்பதற்கு உலகத்தில் எங்கேயும் கணக்குக் கிடையாது. இயந்திரத்துக்கு ஆண் விரல், பெண் விரல் தெரியாது.

ஆனால் அந்தக் கணக்கு எல்லா ஆண்களுக்கும் தெரியும். “பொம்பளைங்க புருஷன் சொல்ற இடத்துல போடுவாங்க.” “பொம்பளைங்க காசுக்குப் போடுவாங்க.” “பொம்பளைங்க முகத்தைப் பார்த்துப் போடுவாங்க.” இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் என்பதுகூட உறைக்காமல், ஒரே மூச்சில் மூன்றையும் சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். புருஷன் சொன்னபடிதான் போடுகிறாள் என்றால், காசுக்குப் போட்டது யார் ஐயா?

தொலைக்காட்சியில் பேசுகிறவர்களும், கிராமத்துக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள். வருத்தத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: பெண்ணியம் பேசும் நம் தோழிகளிலும் சிலர் சொல்கிறார்கள். கிராமத்துப் பெண்களுக்கு அரசியல் விழிப்பு இல்லை, அவர்களிடம் கேட்டால் ‘தெரியாது’ என்கிறார்கள், கணவரைக் கைகாட்டுகிறார்கள் என்று. அந்தத் ‘தெரியாது’ எப்படி உண்டாகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

2006 சட்டமன்றத் தேர்தல். அப்பா ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்கு வேண்டாம், எந்தக் கட்சியாக இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். எங்கள் பூத்தில் நானூற்றுப் பத்து ஓட்டு வாங்கித் தருகிறேன் என்று அவர் ஒன்றியத்தில் சொல்லியிருந்தார். எண்ணிப் பார்த்ததில் முந்நூற்று ஐம்பத்திரண்டு. ஐம்பத்தெட்டு குறைந்தது. கட்சி ஆபீசில் பூத்வாரியாகத் தாள் போட்டு, எல்லோர் முன்னாலும் ஒருவர் கேட்டாராம்: “உன் வீட்டு ஓட்டாவது விழுந்துச்சா?”

சந்தேகம் முதலில் போனது காலனிக்கு. எங்கள் ஊரில் சந்தேகம் எப்போதும் முதலில் அங்கேதான் போகும். அந்த வருஷம் சின்ன வெங்காயம் எடுக்கவும் தாள் அறுக்கவும் காலனிப் பெண்களைக் கூப்பிடக் கூடாது என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஆள் ஏற்றிவந்தார்கள். அம்மாவும் கூப்பிடவில்லை. அம்மாவோடு பத்து வருஷம் ஒன்றாக உட்கார்ந்து தாள் அறுத்தவர்கள் அவர்கள். இதை மறைத்துவிட்டு அம்மாவின் கதையை மட்டும் சொன்னால் நான் நேர்மையில்லாதவள் ஆவேன். ஓட்டுப் போட்டதற்கான தண்டனையை அந்த ஊரில் முதலில் வாங்கியவர்கள் தலித் பெண்கள். அதைக் கொடுத்த கைகளில் என் அம்மாவின் கையும் உண்டு.

பிறகு சந்தேகம் வீட்டுக்குள் வந்தது. அப்பா குடித்துவிட்டு வந்தார். அடித்தார். அடித்த பிறகு, பூஜை மாடத்திலிருந்து சூடத்தை எடுத்துவந்து வெற்றிலையில் வைத்துக் கொளுத்தி, “நம்ம சின்னத்துக்குத்தான் போட்டேன்னு அணைச்சுச் சத்தியம் பண்ணு” என்றார். நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பி.எட். படித்துக்கொண்டிருந்தேன். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தைப் பரீட்சைக்குப் படித்தவள். வாயைத் திறக்கவில்லை.

அம்மா சூடத்தைப் பார்த்தாள். அணைக்கவில்லை. “எனக்கு அந்த மிஷினு புரியலங்க. எதை அமுக்குனேன்னே தெரியல. சத்தம் வந்துச்சு, வந்துட்டேன்” என்றாள்.

அப்பா நம்பினார். நம்பியது மட்டுமில்லை, நிம்மதி அடைந்தார். மறுநாள் டீக்கடையில் அதுவே அவருக்குச் சமாதானமாகவும் ஆனது: “பொம்பளைகளுக்கு மிஷினு புரியல, அதான் ஓட்டு கொறைஞ்சிருச்சு.” மற்ற வீடுகளிலும் அதே விளக்கம் வந்தது. கேட்டுக்கொண்டவர்கள் தலையாட்டினார்கள். பெண்களுக்குப் புரியாது என்பதை நம்புவதற்கு நம் ஊரில் யாருக்குத்தான் சிரமம்?

அந்த அம்மா யார் தெரியுமா? இருபது பேர் சேர்ந்த ஏலச்சீட்டை நோட்டு இல்லாமல் மனதிலேயே நடத்தியவள். யார் எத்தனையாம் மாதம் எடுத்தார்கள், கழிவு எவ்வளவு, யார் தவணை பாக்கி என்று மூன்று வருஷம் கழித்துக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கு, ஒரு சின்னத்துக்கு எதிரே இருக்கும் ஒரு நீலப் பட்டனை அமுக்கத் தெரியவில்லை.

தன்னை மக்கு என்று ஒப்புக்கொடுத்துத் தன் ஓட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்த வீட்டில் அவளிடம் இருந்த கவசம் அது ஒன்றுதான். குறிப்பேட்டோடு வந்து ‘நீங்க எந்தக் கட்சிக்கு?’ என்று கேட்பவர்களிடம் நம் பெண்கள் சொல்லும் ‘தெரியாது’, ‘அவரைக் கேளுங்க’ எல்லாம் இந்த வகைதான் என்று நான் சாதிக்கவில்லை. உண்மையிலேயே தெரியாதவர்கள் உண்டு, ஆண்களிலும்தான். ஆனால் திண்ணையில் கணவன், படியில் மாமனார், எதிர்வீட்டு வாசலில் கட்சிக்காரன் என்று வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்கு வேறென்ன பதில் வரும்? மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கும்பிடு. மற்றவர்கள் பெண்ணின் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டு போய், அறியாமை என்று தலைப்புப் போடுகிறார்கள்.

ஓட்டை வீட்டுச் சொத்தாக எண்ணும் இந்தப் புத்தி எங்கள் ஊரில் பிறந்ததில்லை. 1921-இல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தபோது, சொத்து உள்ளவர்களுக்குத்தான் வந்தது. சொத்து யார் பெயரில் இருந்திருக்கும்? 1935 இந்திய அரசுச் சட்டம் வந்தபோது, தகுதியுள்ள ஆணின் மனைவி என்பதாலேயே ஒரு பெண் வாக்காளர் ஆகலாம் என்று வழி வைத்தார்கள். புருஷன் வழியாக ஓட்டு. சுதந்திரம் வந்து முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில். அவர்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல், இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிவாகியிருந்தார்கள். அப்படிப் பதிய முடியாது என்று தேர்தல் ஆணையம் நின்றது. அந்தப் பிடிவாதம் சரி என்றே நினைக்கிறேன், 28 லட்சம் பேர் அந்த ஒரு தேர்தலை இழந்தார்கள் என்றாலும். பட்டியலில் இப்போது எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. டீக்கடையில் இன்னும் ‘இன்னார் வீட்டு ஓட்டு’தான்.

வீடு இப்படி என்றால் ஊர் இன்னும் மோசம். ‘ஊர் முடிவு’ என்றொரு சொல் இருக்கிறது. கோயில் முன்னால் கூடி, இந்தத் தடவை இன்னாருக்கு என்று பேசி முடிப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, காபி கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006 வரை அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் போனதும் இந்த ‘ஊர் முடிவா’ல்தான். 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் சில ஊர்களில் பதவிகள் ஏலம் போனதாகச் செய்தி வந்தபோதும், ஏலம் விட்டது ‘ஊர்’தான். ஊர் என்றால் எந்தச் சாதி, எந்தப் பாலினம் என்று நமக்குத் தெரியும். உள்ளாட்சியில் 2016 முதல் பெண்களுக்குச் சரிபாதி இடம் சட்டத்தில் இருக்கிறது. தலைவர் நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உட்காரவைக்கும் முடிவு எடுக்கப்பட்ட இடத்துக்கு மட்டும் அவள் இன்னும் போகவில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘ஃபார்முலா’ என்று அதற்கு ஒரு பெயரே வந்துவிட்டது. எங்கள் ஊரில் கவர் எப்படி வருகிறது? ராத்திரி வரும். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணி, மொத்தமாக வீட்டு ஆண் கையில் கொடுப்பார்கள். நாலு ஓட்டுக் காசு ஒரு கைக்குப் போகும். எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குக் கவர் வந்ததே காலையில்தான் தெரியும், அதுவும் புருஷன் நிற்கும் நிலையைப் பார்த்து. விற்றவன் அவன், பெயர் இவளுக்கு.

இலவசங்களைப் பற்றிய இளக்காரம் இதைவிடப் பெரியது. மிக்சிக்கு ஓட்டுப் போட்டாள், ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டுப் போட்டாள். 2021 பிப்ரவரியில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. நல்லது, விவசாயிக்கு வேண்டும்தான். அந்தத் தள்ளுபடியை வாங்கிய எவரையும் ‘கடனுக்கு ஓட்டை விற்றவன்’ என்று யாரும் சொல்லவில்லை. அது விவசாயக் கொள்கை. பட்டா ஆணின் பெயரில், கடன் ஆணின் பெயரில், தள்ளுபடியும் ஆணின் பெயரில். களை எடுத்தவள், வெங்காயம் சுமந்தவள் பெயர் எந்தச் சிட்டாவிலும் இல்லை. அவளுக்கு 2023 செப்டம்பரிலிருந்து அவள் பெயரில், அவள் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் வந்தால் அது மட்டும் லஞ்சம். தன் வாழ்க்கையில் எது இலேசாகிறது என்று பார்த்து ஓட்டுப் போடுவது அரசியல் இல்லையென்றால், பிறகு எதுதான் அரசியல்? கொடி கட்டிய காரில் மாநாட்டுக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வருவதா?

பெண்கள் அரசியல் பேசும் இடம் தனி. தாள் அறுக்கும் இடத்தில், ரேஷன் வரிசையில், நூறு நாள் வேலையில் வரப்போரம். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் கட்சிப் பெயரே வராது, விரல்தான் பேசும். விரித்த கை, இரண்டு விரல், கையைக் குவித்து மேலே எழுப்பினால் ஒன்று. 2016-இல் பள்ளிக்கூடச் சாலையில் இருந்த சாராயக் கடையைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. குடிநீர் லாரி எந்தத் தெருவில் நிற்கிறது, எந்தத் தெருவில் நிற்காமல் போகிறது, வார்டு மெம்பர் யார் வீட்டுக்குத் தனிக் குழாய் இழுத்தார், எல்லாம் அங்கே தேதியோடு இருக்கும். சும்மா பெருமை பேசவில்லை. அங்கேயே சாதியும் பேசப்படும். ‘நம்மாளு’ என்ற ஒரே காரணத்துக்காக, பெண்டாட்டியை அடித்து ஊரறிந்த ஒருவனுக்கு ஓட்டுப் போடப் போவதாகச் சொன்னவர்களும் அங்கேதான் இருந்தார்கள். ரகசியமாகப் போடப்படும் ஓட்டெல்லாம் முற்போக்கான ஓட்டு இல்லை. ஆனால் அது அவளுடைய ஓட்டாக இருக்க வேண்டும். தப்பாகப் போடும் உரிமையும் அதில் அடக்கம்.

நான் தலைமை அலுவலராக இருந்த பூத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கண் தெரியாதவர்களுக்கும், சின்னத்தை அடையாளம் காணவோ தானாகப் பட்டனை அமுக்கவோ முடியாத அளவுக்கு உடல் முடியாதவர்களுக்கும் ஒரு துணையாளர் கூடப் போகலாம். நல்ல விதி. அன்று காலையில் வரிசையாக மகன்கள் வந்தார்கள், தாயைக் கையைப் பிடித்துக்கொண்டு. “அம்மாவுக்குக் கண்ணு தெரியாது டீச்சர்.” அதில் ஒரு பாட்டி வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படியைப் பார்த்து ஏறி, வெளிச்சம் கூசுகிறது என்று முந்தானையால் நெற்றியை மறைத்தபடி உள்ளே வந்தவர். கண் தெரியாது என்றால் நான் எப்படி நம்ப? “நீங்களே போடலாம் பாட்டி, பக்கத்துல யாரும் வரமாட்டாங்க” என்றேன். அவர் என்னருகில் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “அவனையே போடச் சொல்லு தாயி. நான் அந்த வீட்ல இருக்கணும்ல.”

விதிப்படி மகனை வெளியே நிறுத்தினேன். பாட்டியைத் தனியாக அனுப்பினேன். பீப் சத்தம் வந்தது. மகன் என்னை முறைத்துக்கொண்டே போனான். அன்று மாலை அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நினைக்காமல் அந்தத் தேர்தலை நான் நினைத்ததில்லை. விதி அந்தத் தடுப்பு அட்டைக்குள் மட்டும்தான் அவரைக் காக்கிறது. வீடு வெளியே காத்திருக்கிறது.

அதனால்தான் பூத்வாரி முடிவைப் பற்றிப் பேசுகிறேன். இதைப் பெண்கள் பிரச்சினையாக நம்மில் யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். வாக்குச்சீட்டுக் காலத்தில், பல பூத்துகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. எந்த ஊர் எப்படிப் போட்டது என்று அதில் துல்லியமாகத் தெரியாது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்கு இயந்திரம் தனித்தனியாக எண்ணுகிறார்கள், எண்ணிக்கை பூத்வாரியாக வெளியே வருகிறது. எங்களைப் போல ஓர் ஊருக்கு ஒரு பூத் என்றால், ஊரின் ஓட்டு முழுதும் மேசையில் விரித்து வைத்ததுபோல. அம்மாவின் சூடம் அந்தத் தாளிலிருந்துதான் பற்றியது. காலனிப் பெண்களின் கூலி அந்தத் தாளில்தான் போனது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. டோட்டலைசர் என்ற கருவி இருக்கிறது. பதினான்கு பூத் இயந்திரங்களை இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையமே 2008-இல் இதைக் கேட்டது. சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. கட்சிகளுக்கு அந்தத் தாள் வேண்டும், எந்தத் தெருவில் காசு வேலை செய்தது, எந்தத் தெருவுக்குத் தண்ணீரை நிறுத்தலாம் என்று பார்க்க. பூத்வாரி எண்ணிக்கை இல்லையென்றால் மோசடி நடந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பார்கள். ஒவ்வொரு பூத்திலும் மொத்தம் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று எழுதி, முகவர்களுக்கு நகல் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் பெட்டியை மூடுகிறோம். பதினான்கையும் கூட்டிச் சரிபார்க்கட்டும். ஐம்பத்தெட்டு ஓட்டு எந்த ஊரில் குறைந்தது என்று கிளைச் செயலாளருக்குத் தெரியவேண்டிய அவசியம் ஜனநாயகத்தில் எங்கே வருகிறது?

மகளிர் இட ஒதுக்கீட்டைப் பற்றி நிறைய எழுதுகிறோம். எழுத வேண்டும். 2021-இல் 234 பேர் கொண்ட சட்டமன்றத்துக்குப் பன்னிரண்டு பெண்கள்தான் போனார்கள். பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் பத்து லட்சம் அதிகம் இருந்த தேர்தல் அது. ஆனால் அந்தப் பத்து லட்சத்தில் ஒருத்தி, ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சோறு பொங்க முடியுமா என்பதையும் அதே அளவு எழுத வேண்டும். நம் மாநாட்டுத் தீர்மானங்களில் ‘பூத் ஓட்டுகளைக் கலந்து எண்ணு’ என்று ஒரு வரி வரட்டும். கிராமத்துக்கு ஆய்வுக்குப் போகும் மாணவிகள், வீட்டுக்காரர் எதிரில் ஒரு பெண்ணிடம் ஓட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்று முடிவெடுக்கட்டும். நம் வீட்டு ஆண்கள் ‘நாலு ஓட்டு’ என்று தொடங்கும்போது, பக்கத்தில் இருக்கும் நாம், அது யார் யாருடையது என்று சத்தமாகக் கேட்போம். நான் 2006-இல் கேட்கவில்லை.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பி வாசலில் நின்று யாரிடமோ போனில், “நம்ம வீட்ல அஞ்சு இருக்குண்ணே” என்று சொல்லிக்கொண்டிருந்தான். “அம்மாட்ட கேட்டியாடா, உம் பொண்டாட்டிட்ட கேட்டியா?” என்றேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டான். அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அன்று ராத்திரி அம்மாவும் நானும் முற்றத்தில் படுத்திருந்தோம். பதினெட்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“ஏம்மா, அந்த வருஷம் நெசமா யாருக்குத்தாம்மா போட்ட?”

“எதுக்குக் கேக்குற? எழுதப் போறியா?”

“சும்மாதான் கேட்டேன். அப்பாவும் இல்ல, இனி என்ன.”

அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். “அதான் அன்னைக்கே சொன்னேனே. மிஷினு புரியலன்னு.”